ஜெயரத்னம் வழக்கு: உரிமத்தைத் திருப்பித் தந்த தீர்ப்பு, பதவியைத் தொட முடியாத தீர்ப்பு

1988 அக்டோபர் 21 அன்று லண்டனில், அப்போது சிங்கப்பூருக்கும் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சிலின் நீதிக்குழு, சிங்கப்பூர் வழக்கறிஞர் ஒருவரின் தொழில் உரிமம் பற்றித் தீர்ப்புச் சொன்னது. எதிர்க்கட்சி அரசியல்வாதியான ஜே.பி. ஜெயரத்னத்தின் பெயரை வழக்கறிஞர் பட்டியலிலிருந்து நீக்கியது சரியா என்பது மட்டும்தான் அவர்கள் முன் இருந்த கேள்வி. சரியில்லை என்றார்கள். அதோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. ஜெயரத்னமும் அவருடன் குற்றஞ்சாட்டப்பட்ட வோங் ஹோங் டோயும் கொடிய அநீதிக்கு ஆளாகியிருக்கிறார்கள். செய்யாத குற்றங்களுக்காக அபராதம் கட்டியிருக்கிறார்கள், சிறைக்குப் போயிருக்கிறார்கள், ஊரறிய அவமானப்பட்டிருக்கிறார்கள் என்று எழுதினார்கள். அடுத்த வரியிலேயே, உரிமத்தைத் திருப்பித் தரத்தான் முடியும், மற்ற அநீதிகளைச் சரிசெய்யத் தங்களுக்கு அதிகாரம் கிடையாது என்றும் எழுதினார்கள்.

நாட்டின் இறுதி மேல்முறையீட்டு மன்றமே குற்றமற்றவர் என்று சொல்லிவிட்ட ஒருவர்மீது அந்தத் தண்டனை எப்படி அப்படியே நிற்கிறது? ஜெயரத்னத்தின் வாழ்க்கையைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய துணிச்சலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அது உண்மைதான், எனக்கும் அவர்மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் இந்த வழக்கில் நான் கவனிக்க விரும்புவது வேறு. எந்த நீதிமன்றத்தில் விசாரணை, எத்தனை வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம், எந்தத் தேதியில் தேர்தல் என்ற மூன்று விஷயங்கள் ஓர் அரசியல் வாழ்க்கையின் போக்கை முடிவு செய்தன. இதில் ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சாதாரண நடைமுறைதான்.

நீதிபதி இருக்கையிலிருந்து மேடைக்கு

ஜோஷுவா பெஞ்சமின் ஜெயரத்னம் 1926 ஜனவரி 5 அன்று யாழ்ப்பாணத்துச் சங்கானையில் பிறந்தார். ஆங்கிலிக்கன் கிறிஸ்தவக் குடும்பம். வளர்ந்தது மலாயாவின் ஜொகூரில். பள்ளிப்படிப்பின் பிற்பகுதி சிங்கப்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் பள்ளியில். பிறகு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் சட்டம் படித்து, 1951இல் கிரேஸ் இன்னில் பாரிஸ்டர் ஆனார்.

ஊர் திரும்பியதும் அரசின் சட்டச் சேவையில் சேர்ந்தார். மாஜிஸ்திரேட், மாவட்ட நீதிபதி, அரசு வழக்கறிஞர், உச்ச நீதிமன்றப் பதிவாளர் என்று பல பொறுப்புகளில் இருந்தார். 1963இல் வேலையை விட்டுவிட்டுத் தனியாக வழக்காட வந்தார். பின்னாளில் தன்னைக் கூண்டில் நிறுத்திய அமைப்பின் உள்ளறைகளெல்லாம் அவருக்குத் தெரியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். எந்த வழக்கு எந்த நீதிமன்றத்துக்குப் போகும், அங்கிருந்து எதுவரை அப்பீல் உண்டு என்பதெல்லாம் அவர் நாள்தோறும் புழங்கிய விஷயங்கள்.

1971இல் பாட்டாளிக் கட்சியின் தலைமைச் செயலாளர் ஆனார். 1957இல் டேவிட் மார்ஷல் தொடங்கிய கட்சி அது. மார்ஷலும் பாரிஸ்டர், சிங்கப்பூரின் முதல் முதலமைச்சர். ஜெயரத்னம் எடுத்தபோது கட்சி பெயருக்குத்தான் இருந்தது. 1972, 1976, 1980 பொதுத் தேர்தல்களிலும் நடுவில் வந்த இடைத்தேர்தல்களிலும் நின்றார், தோற்றார். 1968 முதல் 1980 வரை நடந்த நான்கு பொதுத் தேர்தல்களில் ஆளும் மக்கள் செயல் கட்சி எல்லா இடங்களையும் வென்றிருந்தது. அப்படிப்பட்ட காலத்தில் ஒருவர் பத்து ஆண்டுகள் விடாமல் நிற்பது சின்ன விஷயமல்ல.

தோல்வியோடு கடனும் வந்தது. 1976 தேர்தல் மேடையில் பேசிய பேச்சுக்காகப் பிரதமர் லீ குவான் இயூ அவதூறு வழக்குப் போட்டார். இழப்பீடு 1.3 லட்சம் வெள்ளி. பிரிவி கவுன்சில்வரை போயும் ஜெயரத்னம் தோற்றார். லண்டன் எப்போதும் அவர் பக்கம் நின்றது என்று யாராவது சொன்னால் இந்த வழக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அன்சன், 1981

அன்சன் தொகுதி துறைமுகத்தை ஒட்டியது. அதன் உறுப்பினராக இருந்த தேவன் நாயர் அதிபரானதால் இடம் காலியானது. 1981 அக்டோபர் 31 இடைத்தேர்தலில் ஜெயரத்னத்துக்கு 7,012 வாக்கு, மக்கள் செயல் கட்சியின் பாங் கிம் ஹின்னுக்கு 6,359. வித்தியாசம் 653. விடுதலைக்குப் பிறகு எதிர்க்கட்சி ஒன்று தேர்தலில் வென்று நாடாளுமன்றத்துக்குள் வந்தது அதுதான் முதல் தடவை.

தொகுதிக்குள் ஒரு மனக்குறை இருந்தது. பிளேர் பிளெய்ன் பகுதியில் துறைமுக ஆணையத்தின் குடியிருப்பில் இருந்தவர்களைச் சரக்குப் பெட்டக வளாகத்துக்காகக் காலி செய்யச் சொன்னார்கள். மாற்று வீட்டுக்கு முன்னுரிமையும் இல்லை. வீடு போகிறது, போக இடம் தெரியவில்லை என்ற நிலையில் இருந்தவர்களிடம் போய் நின்று பேசியவர் ஜெயரத்னம். ஜனநாயகம், மனித உரிமை என்று மேடையில் அவர் பேசியது எவ்வளவு தூரம் வாக்காக மாறியது என்று சொல்ல முடியாது. இந்த வீட்டுப் பிரச்சினை மாறியிருக்கிறது என்பதுதான் என் கணிப்பு.

மூன்று வருடம் அந்த மன்றத்தில் தனி ஆளாக உட்கார்ந்தார். விசாரணையின்றிக் காவலில் வைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், நீதித்துறையின் சுதந்திரம் என்று கேள்விமேல் கேள்வி. 1984 டிசம்பர் பொதுத் தேர்தலில் அன்சன் அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தது, இந்த முறை ஏறக்குறைய 57 விழுக்காடு வாக்குடன். பொத்தோங் பாசிரில் இன்னொரு எதிர்க்கட்சியின் சியாம் சீ தோங்கும் வென்றார். ஆளும் கட்சியின் வாக்கு விகிதம் 77.7இலிருந்து 64.8ஆக இறங்கியது. அன்சன் தற்செயல் இல்லை என்பது அன்று உறுதியானது.

மூன்று காசோலைகள்

இதற்கிடையில்தான் அந்தக் குற்றவழக்கு. 1972 தேர்தலையொட்டி நடந்த ஓர் அவதூறு வழக்கில் பாட்டாளிக் கட்சி தோற்று, எதிர்த்தரப்புக்கு வழக்குச் செலவு கொடுக்க வேண்டியிருந்தது. அதை வசூலிக்க ரிசீவர், அதாவது கட்சிக்கு வரும் பணத்தைக் கைப்பற்றும் அதிகாரி, நியமிக்கப்பட்டார். கட்சிக்கு நன்கொடையாக வந்த மூன்று காசோலைகளை ரிசீவர் கைக்குப் போகாமல் மோசடியாகத் திருப்பிவிட்டார்கள், கட்சிக் கணக்கைப் பற்றிப் பொய்யான உறுதிமொழி கொடுத்தார்கள் என்று ஜெயரத்னம்மீதும் கட்சித் தலைவர் வோங்மீதும் குற்றச்சாட்டு. ஆக நான்கு குற்றச்சாட்டுகள்.

1984 ஜனவரியில் மூத்த மாவட்ட நீதிபதி மைக்கேல் கூ மூன்று குற்றச்சாட்டுகளில் இருவரையும் விடுவித்தார். ஒன்றில் மட்டும் 1,000 வெள்ளி அபராதம். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 2,000 வெள்ளிக்குக் குறையாத அபராதமோ ஓராண்டுக்குக் குறையாத சிறையோ பெற்றவர் நாடாளுமன்றத்தில் இருக்க முடியாது, ஐந்து ஆண்டுகள் தேர்தலிலும் நிற்க முடியாது என்பது அன்றைய சிங்கப்பூர் அரசமைப்பின் 45ஆவது விதி. 1,000 வெள்ளி என்றால் பதவி தப்பிக்கும்.

அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. அதே ஆண்டில் மைக்கேல் கூ நீதிபதிப் பொறுப்பிலிருந்து அரசுத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்துக்கு மாற்றப்பட்டார். இது அரசின் தலையீடு என்று ஜெயரத்னம் 1986இல் நாடாளுமன்றத்தில் பேசினார். நீதிபதி சின்னத்துரை தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. தலையீடு எதுவும் இல்லை, வழக்கமான மாற்றல்தான் என்று அந்த ஆணையம் முடிவு சொன்னது. பதிவில் இருப்பது அதுதான்.

மேல்முறையீட்டைக் கேட்ட தலைமை நீதிபதி வீ சோங் ஜின், விடுதலையை ரத்து செய்து, கணக்குப் பற்றிய குற்றச்சாட்டை வேறொரு மாவட்ட நீதிபதி மீண்டும் விசாரிக்க உத்தரவிட்டார். இங்கேதான் முதல் முடிச்சு. மாவட்ட நீதிமன்ற வழக்கின் அப்பீல் உயர் நீதிமன்றத்தோடு முடிந்துவிடும், பிரிவி கவுன்சிலுக்குப் போக முடியாது. உயர் நீதிமன்றமே நேரடியாக விசாரித்தால் லண்டன்வரை போகலாம். மறுவிசாரணையை உயர் நீதிமன்றத்தில் நடத்துங்கள் என்று ஜெயரத்னம் தரப்பு கேட்டது. கிடைக்கவில்லை. சட்டச் சேவையில் பல வருடம் இருந்த மனிதருக்கு அந்த மறுப்பின் பொருள் அன்றே புரிந்திருக்கும்.

1985இல் மறுவிசாரணையில் இருவரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு, மூன்று மாதச் சிறை. 1986 நவம்பர் 10 அன்று உயர் நீதிமன்றம் சிறையை ஒரு மாதமாகக் குறைத்தது. ஆனால் அபராதம் 5,000 வெள்ளி. ஒரு மாதச் சிறையால் பதவி போகாது, 5,000 வெள்ளியால் போகும். ஜெயரத்னம் சிறைக்குப் போனார், அன்சன் இடத்தையும் இழந்தார். அங்கே இடைத்தேர்தல் நடத்தப்படவில்லை. 1988 பொதுத் தேர்தல் வந்தபோது தொகுதிப் பட்டியலிலேயே அன்சன் இல்லை.

லண்டனுக்கு ஒரு வழி

தண்டனை பெற்ற வழக்கறிஞர்மீது தொழில் ஒழுங்கு நடவடிக்கை வருவது வழக்கம். 1987 அக்டோபரில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அவர் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கியது. குற்றத் தீர்ப்பு இறுதியாகிவிட்டது, அதைத் தோண்டிப் பார்க்க முடியாது என்பது அவர்கள் நிலை.

அவருக்குத் தரப்பட்ட தண்டனைகளில் இதுதான் கடைசி. இதில்தான் வழியும் இருந்தது. பெயர் நீக்கத்தை எதிர்த்து வழக்கறிஞர் பிரிவி கவுன்சிலுக்கு அப்பீல் செய்ய அன்றைய சட்டம் அனுமதித்தது. குற்றவழக்கில் கிடைக்காத மன்றம் தொழில் வழக்கில் கிடைத்துவிட்டது.

பிரிவி கவுன்சில் நீதிபதி லார்ட் பிரிட்ஜ் எழுதிய தீர்ப்பு இரண்டு வேலைகளைச் செய்தது. ஒருவரின் தொழிலையே பறிக்கும்போது, தண்டனை விதிக்கப்பட்டது என்ற உண்மை மட்டும் போதாது, அந்தத் தண்டனைக்குப் பின்னால் என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும் என்றது. அப்புறம் தானே அதைப் பார்த்தது. நன்கொடையாகக் கொடுத்த காசோலை வங்கியில் பணமாக மாறும்வரை கொடுத்தவர் மனதை மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பணம் இப்படித்தான் போகட்டும் என்று நன்கொடையாளர் முடிவெடுத்தால், கட்சிக்குச் சொந்தமான சொத்தை மறைத்ததாக எப்படிச் சொல்வது? இப்படி ஒவ்வொரு குற்றச்சாட்டாக எடுத்துப் பார்த்து, ஒன்றும் நிற்காது என்றது. அரசியல் சாயம் பூசாமல், சொத்துச் சட்டத்தின் அடிப்படைப் பாடத்தை வைத்தே அந்த வழக்கைக் கலைத்தார்கள். அந்தத் தீர்ப்பின் பலம் அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வோங் ஹோங் டோயை நினைத்துப் பார்க்க வேண்டும். அதே குற்றச்சாட்டு, அதே சிறை, அதே அபராதம். ஆனால் அவர் வழக்கறிஞர் இல்லை. அவரிடமிருந்து பறிக்க உரிமம் எதுவும் இல்லாததால், லண்டனுக்குக் கொண்டுபோகவும் எதுவும் இல்லை. ஜெயரத்னம் பாரிஸ்டராக இருந்த ஒரே காரணத்தால்தான் வோங்கும் குற்றமற்றவர் என்று ஓர் உயர்ந்த மன்றம் எழுதியது. ஜெயரத்னம் பள்ளி ஆசிரியராகவோ கடைக்காரராகவோ இருந்திருந்தால் 1986 தீர்ப்புதான் கடைசி வார்த்தை. ஒரு குற்றவழக்கின் உண்மை வெளிவருவதற்குக் குற்றஞ்சாட்டப்பட்டவரின் தொழில் காரணமாக இருக்கக் கூடாது. இந்த வழக்கை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு நெருடுவது இதுதான்.

மன்னிப்பும் மறுப்பும்

இனி அதிபரிடம் மன்னிப்பு கேட்பதுதான் வழி என்று பிரிவி கவுன்சிலே குறிப்பிட்டிருந்தது. ஜெயரத்னம் மனுக் கொடுத்தார். அமைச்சரவையின் ஆலோசனைப்படி செயல்பட்ட அதிபர் வீ கிம் வீ 1989இல் மறுத்தார். ஜெயரத்னம் செய்ததற்கு வருந்தவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். குற்றமே செய்யவில்லை என்று தீர்ப்பு வாங்கி வந்தவரிடம் வருத்தம் எதிர்பார்த்தார்கள். அரசின் கோணத்திலிருந்து பார்த்தால், குற்றவழக்கு பிரிவி கவுன்சிலின் முன் இல்லாதபோது அதைப்பற்றி அது சொன்னது கட்டுப்படுத்தாது. சட்ட நூலின்படி அந்த வாதத்துக்கு இடம் இருக்கிறது. மன்னிப்பு அதிகாரம் என்ற ஒன்றை அரசமைப்பில் வைத்திருப்பதே, சட்ட நூல் கைவிட்ட இடத்தில் மனிதருக்கு நியாயம் கிடைக்கத்தானே?

அதே 1989இல் சட்டம் திருத்தப்பட்டது. வழக்கறிஞர்களின் ஒழுங்கு நடவடிக்கை வழக்குகள் பிரிவி கவுன்சிலுக்குப் போவது நிறுத்தப்பட்டது. சிவில் வழக்குகள் இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் மட்டும் போகலாம் என்றானது. 1994 ஏப்ரலில் எல்லா அப்பீலும் முடிவுக்கு வந்தது. சுதந்திர நாடு ஒன்று தன் கடைசி நீதிமன்றத்தைத் தன் மண்ணிலேயே வைத்துக்கொள்வது முறைதான், பல நாடுகள் செய்திருக்கின்றன. அது 1988 தீர்ப்பு வந்த சூட்டில் தொடங்கியதுதான் கேள்வியை எழுப்புகிறது.

தேதிகள்

ஐந்தாண்டுத் தடை 1991 நவம்பரில் முடிய வேண்டும். பொதுத் தேர்தலை ஆகஸ்ட் 31 அன்றே நடத்திவிட்டார்கள். இன்னும் பத்து வாரம் பொறுத்திருந்தால் அவர் நின்றிருக்கலாம். 1992 டிசம்பரில் மரீன் பரேட் குழுத்தொகுதியில், அதாவது பல வேட்பாளர்கள் ஓர் அணியாகச் சேர்ந்து நிற்க வேண்டிய தொகுதியில், இடைத்தேர்தல் வந்தது. அங்கே பாட்டாளிக் கட்சியின் நான்காவது வேட்பாளர் வேட்புமனு நாளில் வந்து சேராததால் அணியே நிற்க முடியாமல் போனது. இதற்கு அரசைக் குறை சொல்ல முடியாது. கட்சியை அமைப்பாகக் கட்டுவதில் ஜெயரத்னம் வலுவானவர் இல்லை, நீதிமன்றமும் மேடையும்தான் அவருடைய களம்.

1997இல் செங் சான் குழுத்தொகுதியில் அவருடைய அணி 45 விழுக்காடு வாங்கித் தோற்றது. தோற்றவர்களில் அதிக வாக்குப் பெற்றவர் என்ற முறையில், தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினராக மன்றத்துக்குள் திரும்பினார். அன்சனை இழந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தத் தேர்தலின் கடைசிக் கூட்டத்தில், தன் அணியைச் சேர்ந்த டாங் லியாங் ஹோங் காவல்துறையில் கொடுத்த புகார்களைக் குறிப்பிட்டுச் சொன்ன ஒரே வாக்கியத்துக்காகப் பிரதமர் கோ சோக் டோங் அவதூறு வழக்குப் போட்டார். விசாரணை நீதிபதி 20,000 வெள்ளி இழப்பீடு போட்டார், மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஒரு லட்சமாக்கியது.

அவரை வீழ்த்தியது அந்த வழக்கும் இல்லை. 1995இல் கட்சியின் ‘ஹேமர்’ பத்திரிகையில் தமிழில் வந்த ஒரு கட்டுரை. எழுதியவர் வேறொருவர். தமிழ் மொழி வார ஏற்பாட்டாளர்களைத் தாக்கி எழுதப்பட்டிருந்தது. ஏற்பாட்டாளர்கள் வழக்குப் போட்டார்கள். பத்திரிகைக்குப் பொறுப்பானவர் என்ற முறையில் ஜெயரத்னமும் சிக்கினார். இழப்பீடு சுமார் 2.65 லட்சம் வெள்ளி, செலவு தனி. தவணை கட்டி வந்தவர் ஒரு தவணையில் ஒரு நாள் தாமதித்தார். 2001 ஜனவரியில் நொடித்துப்போனவராக அறிவிக்கப்பட்டார். ஜூலையில் அப்பீலும் தோற்றது. நொடித்துப்போனவர் நாடாளுமன்றத்தில் இருக்க முடியாது, வழக்காடவும் முடியாது. 1986, 1987இல் தனித்தனியாகப் போன இரண்டும் இப்போது சேர்ந்தே போயின.

தமிழர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். அந்தக் கட்டுரை வரம்பு மீறியது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதை நான் இங்கே மறுக்கவில்லை. ஆனால் மொழிக்கு விழா எடுக்கிறவர்களுக்கும் அவர்களை விமர்சிக்கிறவர்களுக்கும் இடையே உள்ள தகராறு, நம் ஊர்களில் மறுவாரம் ஒரு மறுப்புக் கட்டுரையோடு தீர்ந்திருக்கும். அது ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் பதவி பறிபோகும்வரை போனது எனக்கு வேதனை தருகிறது.

அதற்குப் பிறகு அவரைச் சிங்கப்பூர்க்காரர்கள் பார்த்தது பெரும்பாலும் தெருவில். ரயில் நிலைய வாசலிலும் கடைத்தெருவிலும் நின்று தன் புத்தகங்களை விற்றார். வயது எழுபத்தைந்தைத் தாண்டியிருந்தது. பாட்டாளிக் கட்சியில் 2001 மே மாதமே லோ தியா கியாங் பொறுப்பேற்றுவிட்டார், கடன் விஷயத்தில் கட்சி துணை நிற்கவில்லை என்ற மனத்தாங்கலோடு ஜெயரத்னம் விலகினார். லோ கட்டிய கட்சிதான் 2011இல் முதன்முதலாக ஒரு குழுத்தொகுதியை வென்றது. அந்த வேலைக்கு வேறு வகையான ஆள் தேவைப்பட்டது என்பதை ஜெயரத்னத்தை மதிக்கிறவர்களும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனாலும் எல்லா இடமும் ஆளுங்கட்சிக்கு என்ற காலத்தில் முதல் இடத்தைப் பிடித்துக் காட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது, அந்த ஆள் இவர்தான்.

2007 மே மாதம் சுமார் 2.33 லட்சம் வெள்ளியைக் கட்டி நொடிப்பு நிலையிலிருந்து வெளியே வந்தார். செப்டம்பரில் வழக்கறிஞர் உரிமம் திரும்பக் கிடைத்தது. 2008இல் சீர்திருத்தக் கட்சியைத் தொடங்கினார், அடுத்த பொதுத் தேர்தலில் நிற்பதற்காக. அந்த ஆண்டு செப்டம்பர் 30 அன்று இதயம் செயலிழந்து இறந்தார், வயது 82. மன்னிப்பு அவர் உயிரோடு இருந்தவரை வழங்கப்படவில்லை. புதுக் கட்சியை மூத்த மகன் கென்னத் பின்னர் எடுத்து நடத்தினார். இளைய மகன் பிலிப், 1988 வழக்கில் தன் தந்தைக்கு எதிர்த்தரப்பாக நின்ற அதே வழக்கறிஞர் சங்கத்தின் தலைவராக 2004 முதல் 2007 வரை இருந்தார். 2021இல் சிங்கப்பூர் உயர் நீதிமன்ற நீதிபதியானார்.